எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி



கணினிப் பயிற்சிக்குப் புதிதாக வரும் பெண்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பெயரை அடித்தால் பெயர் திரையில் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் கடவுச்சொல்லை அடித்தால் எழுத்துகள் வருவதில்லை. கரும்புள்ளிகளோ நட்சத்திரக் குறிகளோதான் வரிசையாக வருகின்றன. "பிள்ளை, இது பழுதாப்போச்சு. நான் அடிச்ச எழுத்து ஒண்டையும் காணேல்லை" என்று அம்மா ஒருவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

பழுது எதுவுமில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி. அடித்த எழுத்து உள்ளே அப்படியே இருக்கிறது, திரையில் மட்டும் மறைக்கப்படுகிறது. பக்கத்தில் நிற்பவர் வாசிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இது நேற்று வந்த பழக்கமல்ல. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றை உருவாக்கினர். ஒருவருடைய வேலையை மற்றவர் திறந்து பாராதிருக்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. அப்போது அடிப்பதெல்லாம் தட்டச்சுப்பொறி போன்ற கருவியில் தாளில் பதிந்துவிடும். எனவே கடவுச்சொல் அடிக்கும் நேரத்தில் மட்டும் அச்சிடுவதை நிறுத்தி வைத்தார்கள். பின்னர் திரையும் கட்டங்களும் வந்தபோது, விசை பதிந்ததா என்று தெரிய வேண்டுமென்பதற்காக எழுத்துக்குப் பதிலாக ஒரு குறியைக் காட்டத் தொடங்கினர்.

ஆனால் இந்தப் புள்ளி வெறும் திரைச்சீலைதான், பூட்டு அல்ல. வங்கியின் பக்கத்தைப் போலவே செய்யப்பட்ட போலிப் பக்கத்திலும் இதே புள்ளிகள் வரும். புள்ளியைக் கண்டு "இது பாதுகாப்பான இடம்" என்று நம்பிவிட வேண்டாம். அதுபோல, திரை மறைத்தாலும் விரல்களை அது மறைப்பதில்லை. விரல் போகும் திசையைப் பார்த்தே நான்கு இலக்கங்களைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு.

பணம் எடுக்கும் இயந்திரத்தில் மறுகையால் விசைகளை மூடிக்கொள்ளுங்கள் என்று எல்லா அறிவுறுத்தல்களிலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கையும் உள்ளவர்களை மட்டும் நினைத்து எழுதியது போலும்! யுத்தத்தில் ஒரு கையை இழந்த எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு இலக்கம் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில், காவலாளியிடமே அட்டையைக் கொடுத்து இலக்கத்தையும் சொல்லி வந்தார். இப்போது அவர் மகளைக் கூட்டிச் செல்கிறார். மகள் தாய்க்கு முதுகு காட்டி, வரிசையைப் பார்த்தபடி மறைவாக நிற்கிறாள். துணைக்கு ஆள் இல்லாத நாட்களில், வங்கிப் புத்தகத்துடன் கவுண்டரில் எடுக்கிறார்.

பார்வை மங்கியவர்களுக்கும் நடுங்கும் விரல் உள்ளவர்களுக்கும் வேறொரு சிரமம். எந்த எழுத்தில் பிழைத்தது என்று புள்ளியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில தடவை பிழைத்தால் கணக்கே பூட்டப்படும். இந்தக் காரணத்தாலேயே 2009இல் ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு அறிஞர், புள்ளியிட்டு மறைக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்று வாதிட்டார். தனி அறையில் இருந்து வேலை செய்பவருக்கு அது சரி. கொமினிகேஷன் கடையில், கடைக்காரர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க அடிக்கும் எமது பெண்களுக்கு அது பொருந்தாது. 2017இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது: மறைத்து வையுங்கள், பார்க்க விரும்புபவருக்குக் காட்டும் வசதியையும் கொடுங்கள். கட்டத்தின் ஓரத்தில் தெரியும் கண் அடையாளம் அதற்குத்தான். வீட்டில் தனியே இருக்கும்போது அதைத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, மீண்டும் தொட்டு மூடிவிடுங்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இன்னொன்று. "நான் மறந்திடுவன் எண்டு கடைத் தம்பியிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன்" என்று சிலர் சொல்கிறார்கள். கடனுக்கு அட்டையையே ஈடாகக் கொடுத்து, இலக்கத்தையும் சொல்லிவிட்டு, உதவிப்பணம் வரும் நாளில் கடை வாசலில் காத்திருப்பவர்களும் உண்டு. 2009இல் முகாமில் சேலையால் மறைப்புக் கட்டி உடை மாற்றியவர்கள் நாம். மறைவு என்பதன் அருமை எமக்குத் தெரியாததல்ல. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், கணக்கில் எவ்வளவு வந்தது என்பதை உங்களுக்கு முன் அவர் அறிந்துகொள்கிறாரே!

இலக்கம் ஏற்கனவே பிறருக்குத் தெரிந்திருந்தால் வங்கிக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். அட்டை பிறர் கையில் இருந்தால், அதை நிறுத்திப் புதியது தரும்படி கேட்கலாம். நினைவில் வைக்கக் கடினம் என்பவர்கள் பிறந்த ஆண்டையோ தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கங்களையோ வைக்க வேண்டாம். ஊரில் பாதிப்பேருக்கு அவை தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு இருக்கும், முதல் பசு கன்று ஈன்ற நாளைப் போல.

கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறை இலக்கத்துக்கு இந்தப் புள்ளி மறைப்புக்கூட இல்லை, வெளிச்சமாகவே வருகிறது. அதைக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.