பூட்டா, சுக்கானா? எதை முதலில் கற்பது?

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் இளைஞர்களிடையே இப்பொழுது ஒரு விவாதம் நடக்கிறது. கன்டெய்னர்களைப் பாதுகாக்கும் வித்தையைக் கற்பதா, அவற்றைக் கட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸைக் கற்பதா என்பதே அது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரமே படிக்க முடிகிறவர்களுக்கு இது சில்லறைப் பிரச்னை அல்ல. உத்தியோகமும் சம்பளமும் இதைப் பொறுத்திருக்கின்றன.

கன்டெய்னர் என்பது யாது? ஒரு புரோகிராமையும், அது ஓடுவதற்கு வேண்டிய துணைச் சரக்குகளையும் ஒரே பெட்டியில் அடைத்து, வேண்டிய கம்ப்யூட்டரில் இறக்கி ஓட்டும் ஏற்பாடு. 2013-ல் டாக்கர் வந்த பிறகு இது எளிதாயிற்று. பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகவே, எதை எந்த மெஷினில் ஏற்றுவது, நின்றுபோனதை மீண்டும் எப்படி ஓட்டுவது என்று கவனிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. 2014-ல் கூகிள் வெளியிட்ட குபர்னெட்டிஸ் அதுதான். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள்.

சுக்கான் பிடிக்கத் தெரிந்தால் போதுமா? போதாது என்பதற்கு டெஸ்லா கம்பெனியின் அநுபவமே சாட்சி. அக்கம்பெனியின் குபர்னெட்டிஸ் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்ததை, 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு ஸ்தாபனம் வெளியிட்டது. உள்ளே புகுந்தவர்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ஓட்டித் தங்களுக்குக் கிரிப்டோ நாணயம் திரட்டினார்கள். அமேசான் கிடங்கைத் திறக்கும் சாவிகளும் அங்கேயே கிடந்தன!

பெட்டியின் சுவரும் மெல்லியதுதான். பொதுவாக, ஒரு மெஷினில் உள்ள பெட்டிகள் அனைத்தும் ஒரே கெர்னலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2019-ல் ரன்-சி என்ற அடிப்படைக் கருவியில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே விஷமப் பெட்டி ஒன்று, தன்னை ஏற்றிய மெஷினையே கைப்பற்ற இடம் இருந்தது.

அப்படியானால் குபர்னெட்டிஸை ஒதுக்கிவிடலாமா? கூடாது. குபர்னெட்டிஸ் பாதுகாப்பு நிபுணருக்கான ஸி.கே.எஸ். பரீட்சை எழுத, அதன் நிர்வாகத்துக்கான ஸி.கே.ஏ. பரீட்சையில் முதலில் தேறியிருக்க வேண்டும். வீட்டின் அமைப்பே தெரியாதவன் அதற்குக் காவல் இருப்பது எப்படி?

ஆகவே, கேள்வி இதுவா அதுவா என்பதல்ல; எது முதலில் என்பதே. முதலில் நான்கு பழக்கங்கள் வேண்டும்: புரோகிராமை ரூட் அதிகாரத்தில் ஓட்டாதிருத்தல், கடவுச்சொற்களைப் பெட்டிக்குள் அடைக்காதிருத்தல், வேண்டாத சரக்கைக் கழித்தல், பழுதான சரக்கு உண்டா என்று ஸ்கேன் செய்து பார்த்தல். இவற்றுக்குப் பிறகு குபர்னெட்டிஸ். ஆழ்ந்த பாதுகாப்பு வித்தை மூன்றாவது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. குபர்னெட்டிஸை நடத்தித் தரும் வேலையைக் கூகிள், அமேசான், மைக்ரோஸாப்ட் முதலிய கம்பெனிகள் கட்டணத்துக்குச் செய்கின்றன. சிறிய ஸ்தாபனங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். ஆனால் பெட்டிக்குள் என்ன வைத்தோம் என்பதற்குப் பொறுப்பாளி, அதை அடைத்தவர்தான். அந்தப் பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.