கேட்பது கருணை அல்ல!

“போன பிறவியில் என்ன பாவம் செய்தானோ!”

காலிழந்த ஒருவரைக் கண்டதும், கண்ணிழந்த ஒருத்தியைக் கண்டதும், பக்தர்கள் வாயிலிருந்து பெருமூச்சோடு புறப்படும் வாசகம் இது. கேட்பதற்கு இரக்கம் போல இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தீர்ப்பு! விசாரணை இல்லை, சாட்சி இல்லை, வாதாட வழக்கறிஞர் இல்லை. குற்றம் இன்னதென்று குற்றவாளிக்கே தெரியாது. தண்டனை மட்டும் கையெழுத்தாகிவிட்டதாம்!

இந்தத் தீர்ப்பு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது? மனுநீதியின் 11-ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள், தோழர்களே! விளக்கைத் திருடியவன் குருடனாவானாம். குதிரையைத் திருடியவன் முடவனாவானாம். வேதச் சொல்லைத் திருடியவன் ஊமையாவானாம். நாட்டில் இத்தனை குதிரைத் திருடர்கள் இருந்திருந்தால், எத்தனை இலட்சம் குதிரைகள் இங்கே மேய்ந்திருக்க வேண்டும் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது. 9-ஆம் அத்தியாயத்துக்கு வந்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். பிறவியிலேயே பார்வையற்றவர்க்கும் செவிகேளாதவர்க்கும், பேச்சற்றவர்க்கும் தந்தையின் சொத்தில் பங்கு கிடையாது. சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்பது அங்கே விதி. வெறும் ஏட்டுச் சுரைக்காயா அது? வெள்ளையர் ஆண்ட காலத்து நீதிமன்றங்களிலும் இத்தகைய விலக்கு சட்டமாகவே நின்றது. 1928-இல் ஒரு தனிச்சட்டம் வந்து அதன் பெரும்பகுதியை உடைத்தது. எஞ்சியதை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு துடைத்தெறிந்தது.

சொத்தில் பங்கு வந்தது. சோறும் துணியும் போதும் என்ற நெஞ்சம் மாறிற்றா? ஊன்றுகோலோடு பணிக்கு வரும் ஒருவர், “ஐயா, என் மேசையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தாருங்கள்” என்று கேட்கும் வேளையில், அலுவலகத்தில் உள்ளோர் முகங்களைப் பாருங்கள். “வேலை கிடைத்ததே பெரிது, இதில் வசதி வேறு வேண்டுமாம்!” வாய் பேசாவிட்டாலும் புருவம் பேசும். மனு இன்னும் பணி ஓய்வு பெறவில்லை!

நாம் கேட்கிறோம்: வசதி யாருக்குத்தான் செய்யப்படவில்லை? அலுவலகத்தில் எரியும் மின்விளக்கு யாருக்காக? பார்வையற்றவருக்கு அது தேவையே இல்லை. கண்ணுள்ளவருக்காகத்தான் கட்டணம் கட்டப்படுகிறது. மாடிப்படி யாருக்காக? பத்தடி உயரத்தைத் தாவ முடியாத கால்களுக்காக! மேலதிகாரியின் மூக்குக் கண்ணாடி என்ன? அதை அணிந்துகொண்டல்லவா அவர் மனுவைப் படித்து மறுக்கிறார்! பலருடைய இயலாமைக்குச் செய்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘கட்டடம்’. சிலருடைய இயலாமைக்குக் கேட்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் ‘சலுகை’. பெயர் வைத்தவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறுபாடு என்ன?

கேட்கப்படுவதும் மலையைப் பெயர்க்கும் காரியமன்று. அரை அடி உயர வாயிற்படிக்கு ஆறடி நீளச் சாய்தளம் போதும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. பள்ளியில் பணியாற்றும் நாம் அறிவோம், மாடி வகுப்பைக் கீழே கொண்டுவரக் கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை மாற்றினால் முடிந்தது. பார்வையற்ற ஆசிரியருக்கு வரும் சுற்றறிக்கையைப் பாருங்கள். கணினியில் தட்டச்சு செய்ததை அச்செடுத்து, முத்திரை குத்தி, மறுபடி அதைப் படம் பிடித்துக் கைப்பேசிக்கு அனுப்புகிறார்கள்! அவருடைய திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தைப் படிக்கும். எழுத்தின் படத்துக்கு முன் வாயடைத்து நிற்கும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தாலோ பொருளற்ற உளறல்தான் கேட்கும். அதையே ஒருங்குறியில் அனுப்பினால் மறுநொடி காதில் விழுந்துவிடும். என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் படிக்கிறது. இங்கே குறைவாக இருப்பது பணமா, மனமா? தொழுநோயிலிருந்து மீண்டவரின் தேய்ந்த விரலை ரேகைப் பொறி ஏற்காவிட்டால், மேசைமேல் ஒரு கையெழுத்துப் பதிவேடு வைத்தால் தீர்ந்தது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கைக்கு இந்தியா 2007-இல் ஒப்புதல் தந்தது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அளவுக்கு மீறிய சுமையாகாத ‘நியாயமான வசதி’யைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அதன் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அரசு நிறுவனங்கள் அவ்வசதியைச் செய்து தந்தாக வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, செய்துவந்த பணிக்கு இயலாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். “40 விழுக்காட்டுச் சான்றிதழ் எங்கே?” என்று மிரட்டுவோர்க்கும் விடை கிடைத்தாயிற்று. எழுதும்போது கை இசிவு காணும் தேர்வர் ஒருவரின் வழக்கில், நியாயமான வசதிக்கு அந்த 40 விழுக்காட்டை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓட்டையும் உண்டு. 20-ஆம் பிரிவின் ஆணை அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும், செய்து தரும் வசதிகளை அதில் குறிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கொள்கையை மாட்டச் சுவரில் ஓர் ஆணி போதுமே! முதலாளியின் வாயிற்படிக்கும் அரசுக்கு உரைத்த அதே ஆணை பாய வேண்டும் என்று நாம் குரல் கொடுக்க வேண்டாமா?

டெல்லிக்காரர்கள் இதற்கெல்லாம் கண்ட மருந்து வேறு. 2015 டிசம்பரில் தலைமை அமைச்சர் வானொலியில் தோன்றி, இவர்களைத் ‘திவ்யாங்’ என்று அழையுங்கள் என்றார். தெய்வீக உறுப்பு உடையோர் என்று பொருளாம்! நேற்றுவரை பாவி, இன்று தெய்வம்! பாவியும் சாய்தளம் கேட்கமாட்டான், தெய்வமும் கேட்காது. மனிதன்தான் கேட்பான், அவனைத்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இங்கே, கலைஞர் முதலமைச்சராக இருந்த காலத்தில் அரசு வழக்கில் ஏறிய சொல் ‘மாற்றுத்திறனாளி’. அது மனிதனை மனிதனாகவே நிறுத்திற்று.

அந்தச் சொல்லை நாட்டில் நிலைநாட்டியவருக்கு நேர்ந்தது என்ன? ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவர். 2011-லும் 2016-லும் திருவாரூர் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர். சக்கர நாற்காலி சென்று திரும்பத்தக்க வகையில் பேரவையில் இருக்கை அமைத்துத் தருமாறு அவர் கட்சி கேட்டது. கேட்டவாறு அது அமையவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பினார் கலைஞர். ஒரு நாற்காலி திரும்புவதற்குச் சில அடி இடம்! முன்னாள் முதலமைச்சருக்கே அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை என்றால், வட்டாட்சியர் அலுவலகத்தின் இளநிலை உதவியாளர் எந்தத் துணிவில் வாய்திறப்பார்?

இன்னொரு காட்சியையும் எண்ணிப் பாருங்கள். தந்தை பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயும் கலமுமாக ஊர் ஊராகச் சென்றார். அமர்ந்தபடியே பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் இறுதிப் பேருரை ஆற்றியபோது அவருக்கு வயது 94. பயணத்துக்கு வேன் இருந்தது, மேடையில் இருக்கை இருந்தது, தாங்கிப் பிடிக்கத் தோழர்கள் இருந்தார்கள். அதைச் சலுகை என்று எவரேனும் சொன்னதுண்டா? பணி நடக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு வேண்டும். அவ்வளவுதான் அங்கே கணக்கு.

“இப்படி ஆளுக்கொரு ஏற்பாடு செய்தால் தகுதி என்னாவது, திறமை என்னாவது?” இந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல்! 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தபோது ஒலித்த அதே குரல். அன்று பூணூலைத் தடவிக்கொண்டு பேசிற்று. இன்று கோப்பைத் தடவிக்கொண்டு பேசுகிறது. இதற்கு விடை வேண்டுமானால் துணிக்கடைக்குப் போங்கள். காலை முதல் இரவு வரை நின்றே விற்ற பெண்கள் கால் வீங்கி வீடு திரும்பினார்கள். கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021-இல் செய்தது. ஊழியர் உட்கார்ந்ததால் எந்தக் கடையில் பட்டுச்சேலை சாயம் போயிற்று? கால் வலிமை குன்றியவர் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் ‘சலுகை’ என்று ஏசியிருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டதும் சட்டமாயிற்று. ஆகவேதான் சொல்கிறோம், தனியொருவரைத் தனியாகக் கேட்க விடாதீர்கள்!

உடன் நிற்பது வேறு, முன்னால் போய் நிற்பது வேறு. இளைஞர்கள் ஆர்வ மிகுதியில் அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அதிகாரியிடம் சொற்பொழிவாற்றத் தொடங்கினால், அதுவும் ஒருவகை அர்ச்சகர் வேலைதான்! என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். அவர் விரும்பினால் மட்டும் பேனா பிடியுங்கள். மனுவில், செய்யும் பணி எது, அதற்குக் குறுக்கே நிற்கும் தடை எது, வேண்டும் மாற்றம் எது என்பவை இருந்தால் போதும். பிறந்தது முதல் பட்ட துயரத்தையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. ‘கருணை கூர்ந்து’, ‘தாள் பணிந்து’ என்று எழுத்தர் எழுதித் தந்தால் அடித்துவிட்டு, ‘2016-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 20’ என்று எழுதுங்கள். ஒரு படியில் தேதியிட்ட ஒப்புகை முத்திரை வாங்குங்கள். மறுத்தால், 23-ஆம் பிரிவின்படி அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அங்கும் நிறைவு இல்லையேல் மாவட்டக் குழு. அதற்கும் மேலே மாநில ஆணையர்.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். விழா நடக்கும், பொன்னாடை போர்த்துவார்கள், இனிப்பு வழங்குவார்கள். அதற்கு முன்பாக ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளிக்கும், ஊராட்சி அலுவலகத்துக்கும், நூலகத்துக்கும், நம் படிப்பகத்துக்கும் சென்று வாருங்கள். வாயிற்படி எத்தனை அங்குலம், சாய்தளம் உண்டா, குறைதீர் அலுவலரின் பெயர் எழுதிய பலகை தொங்குகிறதா என்று பார்த்து, அங்கே பணிபுரியும் மாற்றுத்திறனாளித் தோழர்களையும் கேட்டு, இந்த ஏட்டுக்கு எழுதுங்கள்.