வெர்ச்சுவல் மெஷின் சாகவில்லை: ஓர் எதிர்வினை

சர்வர் வெர்ச்சுவலைசேஷன் காலாவதியாகிவிட்டது என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதிய கட்டுரையாளர், அதற்கு முன் வழக்குக் கட்டைப் பிரித்தாவது பார்த்திருக்க வேண்டும். இது 2000களில் விற்பனைப் பிரதிநிதிகள் கிளப்பிவிட்ட மோகம், சர்வரின் வேகத்தைத் தின்கிறது, கண்டெய்னர் வந்தபின் இதற்கு வேலையில்லை, இதை நிர்வகிக்கத் தனித்திறமையும் வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றில் ஒன்றுகூட உண்மையின் முன் நிற்காது.

மோகம் என்பதை முதலில் முடித்துவிடலாம். ஒரே மெயின்ஃப்ரேமை ஒவ்வொரு பயனருக்கும் முழு இயந்திரமாகக் காட்டும் சிபி-40, 1960களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் உருவானது. அதன் வழித்தோன்றலான விஎம்/370 வெளிவந்தது 1972இல். ஒரு செயலியை முறையாக மெய்நிகராக்க அதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதைப் பொபெக்கும் கோல்ட்பர்க்கும் 1974இலேயே நிறுவிவிட்டார்கள். விஎம்வேர் தொடங்கப்பட்டதோ 1998இல். நிறுவனம் பிறக்கும் முன்பே இலக்கணம் எழுதப்பட்டுவிட்ட ஒரு துறையை அந்த நிறுவனத்தின் விளம்பரம் என்று சொல்ல, எவ்வளவு குறைவாகப் படித்திருக்க வேண்டும்?

வேகம் பற்றிய குற்றச்சாட்டில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. எந்தக் காலத்தில் என்பதைத்தான் அவர் மறைக்கிறார். பழைய எக்ஸ்86 செயலியில், சலுகை குறைக்கப்பட்ட நிலையில் ஓடும் கெஸ்ட் கெர்னல், இன்டரப்ட்டை நிறுத்த எண்ணி 'பாப்எஃப்' கட்டளையை இயக்கினால், செயலி பிழை எழுப்பாது. அந்த மாற்றத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை எழாததால், வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்குத் தகவலே போகாது. கெஸ்ட்டோ நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓடும். இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே தேடிப்பிடித்து மாற்றி எழுதியது விஎம்வேர். கெஸ்ட் கெர்னலையே திருத்தியது 2003இன் ஸென். இரண்டுக்கும் விலை இருந்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கு ஆதரவு தந்தபின், 2007இல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலின் அங்கமானபின், அதே பழைய கணக்கை இன்று எடுத்து நீட்டுவது வாசகர் காதில் பூச்சுற்றும் வேலையல்லாமல் வேறென்ன?

கண்டெய்னர்கள் ஹோஸ்ட்டின் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கெர்னலில் ஓர் ஓட்டை விழுந்தால், அதன் மேல் ஓடும் அத்தனை பேரும் ஆபத்தில். வெர்ச்சுவல் மெஷினுக்கோ சொந்தக் கெர்னல் உண்டு. அந்த எல்லைக்காகத்தான் இத்தனை பாடும். "அமேசானைப் பாருங்கள்" என்கிறார் கட்டுரையாளர். பார்ப்போம். சர்வர்லெஸ் சேவையான லாம்ப்டாவில் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களின் நிரல்களை ஒரே ஹோஸ்ட்டில் ஓட்ட, கண்டெய்னர் எல்லையை மட்டும் நம்பாமல், கேவிஎம் மீது குட்டி வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் 'ஃபயர்கிராக்கர்' என்ற மென்பொருளைக் கட்டி 2018இல் வெளியிட்டது அதே அமேசான். அவர் அழைத்துவந்த சாட்சியே அவருக்கு எதிராகப் பேசுகிறது.

கோபம் வருவது, நிர்வகிக்கத் தனித்திறமை வேண்டாம் என்ற கடைசி வாதத்தில்தான், ஏனென்றால் அதை நம்பினால் நிஜமான டேட்டா போகும். ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டாமாம். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மூல டிஸ்க் கோப்பு உறைகிறது. அதன்பின் கெஸ்ட் எழுதுவதெல்லாம் பக்கத்தில் முளைக்கும் டெல்டா கோப்பில் சேர்கிறது. மூலம் இல்லாமல் டெல்டாவால் பயனில்லை. இரண்டும் கிடப்பது பெரும்பாலும் ஒரே டேட்டாஸ்டோரில். அந்த ஸ்டோரேஜ் படுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். படுக்காவிட்டாலும், டெல்டா வீங்கி இடத்தை அடைத்தால் பக்கத்து மெஷின்களும் எழுத இடமின்றி முடங்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், அது பேக்கப் அல்ல என்று விஎம்வேரே எச்சரித்திருப்பது இதனால்தான். தேவை இருக்கிறதோ இல்லையோ ஒவ்வொரு மெஷினுக்கும் எட்டு சிபியு கொடுங்கள் என்பது அவருடைய அடுத்த யோசனை. கொடுத்தால், ஹோஸ்ட்டின் கோர்களுக்காக அவை ஒன்றோடொன்று முட்டி மோதிக் காத்துக் கிடக்கும், எல்லாமே மந்தமாகும். முன்பத்தியில் வேகம் குறைகிறது என்று புலம்பியவர், பின்பத்தியில் அதைக் குறைப்பதற்கான வழியைத் தானே சொல்லித்தருகிறார்!

பிராட்காம் 2023இல் விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிமங்களை நிறுத்தியது நியாயமான குறைதான். அது ஒரு நிறுவனத்தின் விலைக் கொள்கை. தொழில்நுட்பத்தின் மரணச் சான்றிதழ் அல்ல. கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி எல்லாம் கண்ணெதிரே இருக்க, அவற்றின் பெயரைக்கூட அவர் ஏன் உச்சரிக்கவில்லை? கட்டுரையின் இறுதியில் தாம் நடத்தும் கண்டெய்னர் பயிற்சி வகுப்புக்கு அவர் விடுத்திருக்கும் அழைப்பு விடை சொல்கிறது.

அவரை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்ட்டைக் கலைத்துவிடாதீர்கள். பழைய ஸ்னாப்ஷாட்களை இன்றே தேடி நீக்குங்கள். நீக்குமுன், உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரு மெஷினையாவது முழுதாக மீட்டெடுத்துப் பாருங்கள்.