துளை போடுமுன் கணக்குப் போடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். வாசிக்காமலே "அருமை ரீச்சர்" என்று போட்டுவிட்டு மட்டும் போகவேண்டாம்.

நான்கு நாட்களாக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே கதைதான். "நிலத்துக்குள் துளை போட்டு வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் சுத்த மோசடி. ஒருவரும் ஏமாறாதீர்கள். காஸ் பொயிலரையே வைத்திருங்கள்." எழுதியவர் என்னிடம் பத்தாம் ஆண்டில் கணிதம் படித்த பிள்ளை. இப்போது லண்டனில் இருக்கிறார். அவர் வயிறெரிந்து எழுதியதற்குக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு அவரில் கோபம் இல்லை. அந்தச் செய்தியை ஒரு வரி கணக்குக்கூடப் போட்டுப் பார்க்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்ட பொறியியலாளர்களிலும் கணக்காளர்களிலும்தான் கோபம். "ரீச்சரின் மகளும் போட்டிருக்கிறா, பாவம்" என்று ஒருவர். "ரீச்சருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகுது" என்று இன்னொருவர். நான் பட்டதாரி இல்லை, பயிற்சிக் கலாசாலையில் படித்து வந்த பயிற்றப்பட்ட ஆசிரியை. ஆனால் பெருக்கலும் பிரித்தலும் இன்னும் மறந்துபோகவில்லை.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். பலர் பூமிக்குள் எரிமலைச் சூடு இருக்கிறது, குழாய் விட்டு அதை எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. இங்கிலாந்தில் நூறு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை 10 பாகையிலிருந்து 12 பாகை வரைதான். கை வைத்தால் குளிரும். ஆனால் ஆடி மாதமும் அதேதான், தை மாதமும் அதேதான். எங்கள் ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில் வாளியால் அள்ளி ஊற்றினால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மத்தியான வெயிலில் அதே தண்ணீர் குளிரும். மாறினது தண்ணீர் இல்லை, வெளியில் இருக்கும் காற்று.

அந்தக் குறைந்த சூட்டை வீட்டுக்குத் தேவையான சூட்டுக்கு உயர்த்துவதுதான் பம்பின் வேலை. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மெசினைத் தெரியாதவர் உங்களில் யாராவது உண்டா? கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் தோட்டம் நனையும். தண்ணீர் கீழே போய்விட்டால் அதே தோட்டத்துக்கு இரண்டு போத்தல் வேண்டும். இதுவும் அப்படித்தான். நிலத்திலிருந்து வருவதை 35 பாகைக்கு உயர்த்தினால், தரமான மெசின் ஒரு யூனிற் கரண்டுக்கு நாலரை யூனிற் அளவில் சூடு தரும். 55 பாகைக்கு உயர்த்தச் சொன்னால் மூன்று யூனிற் தருவதே பெரிய காரியம். மெசினும் ஒன்று, துளையும் ஒன்று. எவ்வளவு உயரத்துக்கு இறைக்கச் சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

"நேற்று வந்த மோசடி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கெல்வின் பிரபு இந்த யோசனையை வெளியிட்டது 1852இல். நிலத்திலிருந்து சூடு எடுக்கும் முறைக்கு சுவிஸ்காரர் சொய்லி காப்புரிமை எடுத்தது 1912இல். 1951இல் திறந்த லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தைத் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்துத்தான் சூடாக்கினார்கள். பம்ப் வேலை செய்தது. ஆனால் மண்டபத்துக்குத் தேவையானதைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், அதனால் சிக்கனமாக ஓடவில்லை. கவனியுங்கள், அங்கேயும் பிழைத்தது கணக்கு.

இப்போது காசுக் கணக்கு. கொப்பியை எடுங்கள். இங்கிலாந்தில் கரண்ட் விலை காஸ் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இலகுவாக இருக்கட்டும் என்று காஸ் யூனிற் 6 பென்ஸ், கரண்ட் யூனிற் 24 பென்ஸ் என்று வைப்போம். நல்ல காஸ் பொயிலர் எரிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறை வீட்டுக்குத் தரும். ஆகவே நான்கை 0.9ஆல் பெருக்குங்கள். விடை 3.6. உங்கள் ஹீற் பம்ப் வருடம் முழுக்கச் சராசரியாக ஒரு யூனிற் கரண்டுக்கு 3.6 யூனிற் சூடு தந்தால் காஸுக்கும் அதற்கும் செலவு சமன். கூடத் தந்தால் லாபம், குறையத் தந்தால் நட்டம்.

வருடத்துக்கு 15,000 யூனிற் சூடு தேவைப்படும் வீடு ஒன்றை எடுப்போம். காஸில் 1,000 பவுண். ஹீற் பம்ப் 3.9 தந்தால் 923 பவுண். 2.6 தான் தந்தால் 1,385 பவுண். மோசடி என்று கத்துபவர் 2.6 வீட்டில் இருக்கிறார், அற்புதம் என்று துள்ளுபவர் 3.9 வீட்டில் இருக்கிறார். எல்லோரும் சொந்தக் கதை சொல்கிறீர்கள், எண்ணை மட்டும் ஒருவரும் சொல்கிறீர்கள் இல்லை.

இனி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வருவோம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். போன மாதம் மகளோடு அங்கே போயிருந்தேன். அவருடைய அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு சுவெற்றர், தலைக்கு மவ்ளர், மடியில் சுடுதண்ணீர்ப் போத்தல். அறையில் 16 பாகை. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது வேண்டும் என்கிறது, வயோதிபருக்கு இன்னும் கூட வேண்டும். முப்பதாயிரத்துக்கு மேல் செலவழித்த வீட்டில் ஒரு கிழவி நடுங்கிக்கொண்டு இருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"கணக்குத் தாளைக் காட்டு" என்றேன். அப்படி ஒன்று அவர் கையில் இல்லை. இருந்தது விலைத்தாள். அதில் "மூன்று அறை வீடு, 8 கிலோவாற்" என்று ஒரு வரி. எந்த அறையில் எத்தனை யன்னல், எந்தச் சுவர் வெளிச்சுவர், லொஃப்ற்றில் காப்பு எத்தனை அங்குலம், ஒன்றும் இல்லை. ரேடியேற்றர்கள் காஸ் காலத்தில் போட்ட ஒற்றைத் தகட்டுச் சின்னச் சாமான்கள். அவற்றுக்குப் போகும் குழாய் சுண்டுவிரல் அளவு. காஸ் பொயிலர் 70 பாகையில் தண்ணீரைத் தள்ளும்போது அந்தச் சின்ன ரேடியேற்றர் போதும். 40 பாகைத் தண்ணீருக்கு அது போதாது, தகடு பெரிதாக வேண்டும். பூட்டியவர்கள் என்ன செய்தார்கள்? ரேடியேற்றரை மாற்றாமல் மெசினை 60 பாகைக்குத் திருகிவிட்டுப் போய்விட்டார்கள். கரண்ட் குடிக்காமல் என்ன செய்யும்? நிலத்திலிருந்து வரும் குழாயில் பார்த்தேன், 8 பாகை. துளை தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மோசடி துளைக்குள் இல்லை, விலைத்தாளில் இருக்கிறது. அந்தக் கொம்பனியின் பெயரை எழுதமாட்டேன், கேட்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் ஆட்களுக்கு எதையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம். காலையில் நிறுத்தி, பின்னேரம் வந்து முழுக்கத் திருகி, "இரண்டு மணித்தியாலமாகியும் சூடாகவில்லை" என்று குறை. இது மெதுவாக, இரவு பகலாக ஓடவேண்டிய சாமான். நெருப்பைக் கூட்டிக் குறைத்துச் சமைக்கும் அடுப்பு இல்லை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அரசாங்கம் காசு தருகிறது, பில் பாதியாகும், சில வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்று எங்கள் தமிழிலேயே பேசிக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஐப்பசியிலிருந்து 7,500 பவுண் மானியம் இருப்பது உண்மை. அதைப் பூட்டுபவர் விண்ணப்பித்து விலையில் கழிக்கவேண்டும். ஆனால் மேலே நான் போட்ட கணக்கில் பாருங்கள், நன்றாக ஓடும் வீட்டிலேயே மிச்சம் 77 பவுண். காஸ் இணைப்பை முற்றாக வெட்டினால் நாளாந்தக் கட்டணம் ஏறத்தாழ நூறு பவுண் சேரும். இதில் சில வருடத்தில் காசு எப்படித் திரும்பும்? பச்சைப் பொய். லொஃப்ற், சுவர்க் காப்புப் போடாத வீட்டுக்கு முன்பு மானியம் கிடைக்காது. 2024 வைகாசியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். சனத்துக்கு உதவி என்று எடுத்தார்களாம். என் அபிப்பிராயத்தில் அது அவசரக்காரக் கொன்ராக்ரர்களுக்குத்தான் உதவி.

"அப்படியென்றால் உங்கள் மகள் ஏன் போட்டவ?" என்று கேட்பீர்கள். மில்டன் கீன்ஸில் அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் லொறி வந்து நிற்க இடம் இருக்கிறது. பொயிலருக்கு வயது பதினேழு. அயல்வீட்டின் படுக்கையறை யன்னல் நேரே இருக்கிறது, காற்றாடிச் சத்தம் இல்லாத சாமான் வேண்டும் என்று பார்த்தார்கள். மூன்று வாரம் கணக்குப் பார்த்து, லொஃப்ற்றில் காப்பை ஓர் அடிக்கு உயர்த்தி, ஐந்து ரேடியேற்றரைப் பெரிதாக மாற்றி, 90 மீட்டரில் இரண்டு துளை. மானியம் கழித்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு பவுண். கார் மாற்ற வைத்திருந்த காசு. எத்தனை வருடத்தில் திரும்பும் என்று குழுவில் ஏழு பேர் கேட்டீர்கள். சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் பூ அலங்காரமும் குதிரை வண்டியும் பிடித்தபோது அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லையே! துளைக்குள் இறக்கிய குழாய் ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். குதிரை அன்று பின்னேரமே போய்விட்டது.

ஜெர்மனியில் ஊர் வெடித்த வீடியோவையும் அனுப்பினீர்கள். ஸ்டௌஃபன் என்ற அந்தச் சிற்றூரில் நடந்தது உண்மை. 2007இல் நகரசபைக் கட்டடத்துக்கு 140 மீட்டரில் ஏழு துளை போட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைற் பாறைக்குள் புகுந்தது. அது ஜிப்சமாக மாறி வீங்கி, ஊரையே மேலே தூக்கிவிட்டது. இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்பு. கீழே என்ன பாறை என்று சரியாக அறியாமலும், துளையைச் சுற்றி ஒழுங்காக அடைக்காமலும் போட்டால் இதுதான் நடக்கும். மண் அறிக்கையைக் கேளுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. ஆனால் அதே வீடியோவைச் சுவிஸிலிருந்து அனுப்பிய என் பெறாமகனுக்கு ஒரு கேள்வி: நீ இருக்கும் மாடிக்கட்டடம் எதில் சூடாகிறது என்று போய்க் கேட்டாயா? நான் கேட்டேன். நிலத்துத் துளையில்தான்.

ஈஸ்ட்ஹாமில், ரூற்றிங்கில், வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்கள் பின்வளவுக்குத் துளை போடும் மெசின் போகாது. உங்களுக்கு இந்தச் சாமானை விற்க வருபவரைக் கதவோடு அனுப்பிவிடுங்கள். காற்றிலிருந்து சூடு எடுக்கும் ஹீற் பம்ப் இருக்கிறது, செலவும் மிகக் குறைவு, மானியமும் அதே 7,500. அதற்கும் இதே கணக்குத்தான் தேவை.

காஸே இருக்கட்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஒரு ஞாபகப்படுத்தல் மட்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் வரிசையில் நின்று, ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்த பிள்ளைகள் நீங்கள். ஒரு சொட்டு எண்ணெயின் பெறுமதி உங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனவுடன் இங்கே காஸ் பில் என்ன பாடு பட்டது என்பதையும் கண்டீர்கள். எங்கேயோ ஒருவன் திருகினால் நின்றுவிடும் சாமானில் அம்மா அப்பாவின் சூடு தங்கியிருக்க வேண்டுமா என்பதை ஒருமுறை யோசியுங்கள்.

யாரிடமாவது விலைத்தாள் இருந்தால் கையெழுத்து வைக்கமுன் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அழகான புத்தகம் வேண்டாம். அறை அறையாகச் சூட்டு இழப்புப் போட்ட தாள் வேண்டும். எம்.சி.எஸ். சான்றிதழ் உள்ளவர் அதைச் செய்தே ஆகவேண்டும் என்பது அவர்களுடைய விதி, ஆகவே "இல்லை" என்று சொன்னால் அந்த ஆளை மாற்றுங்கள். தண்ணீர் எத்தனை பாகையில் ரேடியேற்றருக்குப் போகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 45க்கு மேலே போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் வருகிற வியாழக்கிழமை வேறொருவர் வந்து அறை அறையாக அளக்கிறார். முதலில் அம்மாவின் அறை ரேடியேற்றரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் இரண்டிலிருந்து நான்கு வரை நான் நித்திரை, அந்த நேரம் மட்டும் அழைக்கவேண்டாம்.