தங்கூஸ் என்ன பாவம் பண்ணுச்சு?

டிஸ்கி: மீன் வாசனை ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

அடையாறு முகத்துவாரத்துல உடைஞ்ச பாலம் தெரியும்ல? 1967-ல கட்டி, 1977-ல ஒரு பகுதி ஆத்தோட போச்சே, அதேதான். அந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை ராடும் கையுமா வர்ற கூட்டத்துக்கு ஒரே வேதவாக்கு: "பிரெய்டு போடு மச்சி." என்ன ரீல், என்ன மீன், அடியில கல்லா மணலா, ஒரு கேள்வி கிடையாது. தங்கூஸ் நரம்புன்னா கேவலமாம், பிரெய்டுன்னா கௌரவமாம்.

பிரெய்டு மட்டம்னு சொல்ல வரல. ஸ்பின்னிங் ரீல்ல ஸ்பூல் சுத்தாது. நரம்பு வளையம் வளையமா கழண்டு ஓடணும். தடி நைலான் சுருட்டின வடிவத்தை மறக்காம ஸ்பிரிங் மாதிரி துள்ளும். மெல்லிசான, துவளுற பிரெய்டு அங்க சூப்பர், தூரமும் போகும். ஆனா 30 பவுண்டு பிரெய்டோட பருமன் ஏறக்குறைய 8 பவுண்டு நைலான் அளவுதான். சிப்பி ஒட்டின கான்கிரீட்ல விறைப்பா ஒரு தேய் தேய்ச்சா இழை இழையா அறுந்துடும். அதனால முன்னாடி ரெண்டு பாகமாவது தடி நைலான் லீடர் கட்டணும். நம்மாளுங்கள்ல பாதிப் பேரு பிரெய்டுலயே நேரா முள்ளைக் கட்டுறாங்க! வெறும் ஸ்பூல் மேல பிரெய்டைச் சுத்தினா மொத்தச் சுத்தும் வழுக்கி உருளும். அதுக்குப் பழி ரீல் மேல. அடியில பத்து சுத்து நைலான் போட்டா கதை முடிஞ்சுது.

பெய்ட்காஸ்டர் வேற சாதி. அங்க ஸ்பூலே சுத்துது, நரம்பு நேரா வெளிய போகுது, தடி நைலான்கூட ஒத்துழைக்கும். மெல்லிசு பிரெய்டோ, பெரிய மீன் இழுக்கறப்ப கீழ்ச்சுத்துக்குள்ள புதைஞ்சுக்கும். அடுத்த வீச்சுல காக்காக்கூடுதான். அதைப் பிரிக்க கத்திரிக்கோல் வேணும். கத்துக்கறவன் காஸ்ட்லி பிரெய்டை ஏன் வெட்டி எறியணும்?

அப்புறம் இந்த ஃப்ளோரோகார்பன். "தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது சார்"னு விக்கிறாங்க. ஒளிவிலகல் எண் 1.42, தண்ணிக்கு 1.33, நைலானுக்கு 1.5-க்கு மேல. கணக்கு சரிதான். ஆனா அடையாத்துத் தண்ணியில உங்க முட்டியே தெரியாதே ஐயா, மடவைக்கு நரம்பு தெரிஞ்சா என்ன?

ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருத்தர் பாட்டில்ல தடி தங்கூஸைச் சுத்தி வெறுங்கையால வீசுவார். ரீலே கிடையாது, விரல்தான் ட்ராக். கொடுவா இழுக்கறப்ப நைலான் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கும். அங்க பிரெய்டு போட்டா விரலை அறுத்துடும். அதை ஏழ்மைன்னு நினைச்சு சிரிக்கிறவனுக்கு நரம்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

கடுப்பு இதோட நிக்கல. 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவைத் தடை பண்ணப்போ கை தட்டினோம், கழுத்தை அறுக்குதேன்னு. அறுந்து கல்லுல தொங்குற பிரெய்டும் மக்காத பிளாஸ்டிக்தான், மாஞ்சாவைவிடவும் மெல்லிசு. முகத்துவாரத்துல நாரை, கொக்கு நடக்குது. நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் 1988-லேர்ந்து மாணவர்கள் ராத்திரி நடந்து ஆமை முட்டையைக் காப்பாத்துற கரை இது. தப்பான நரம்பு போட்டா அதிகமா அறுக்கும், அறுந்தது அங்கயே கிடக்கும்.

முள்ளு கல்லுல சிக்கினா ராடை வளைச்சு மல்லுக்கட்டாதீங்க, கையிலயும் சுத்தாதீங்க. ஒரு குச்சியில நாலு சுத்து சுத்தி, நேரா பின்னால நடங்க. லீடரை மெயின் நரம்பைவிட கொஞ்சம் பலம் குறைச்சுக் கட்டியிருந்தா லீடர் மட்டும் போகும், மீதி நூறு மீட்டர் உங்க ஸ்பூல்லயே வீட்டுக்கு வரும்.