பாகத்தை மாற்றினால் பழுது தீர்ந்துவிடுமா?

மாணவர்களே,

லூமுட்டிலிருந்து சித்தியவான் வழியாக ஈப்போ செல்லும் சாலையில் லாரிகளுக்குக் குறைவே இல்லை. துறைமுகச் சரக்கு ஒரு பக்கம், செம்பனைக் குலைகள் மறு பக்கம். அவற்றுக்கு இடையில்தான் உங்கள் பள்ளிப் பேருந்தும் அப்பாவின் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. ஒவ்வொரு லாரியும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்று நம்பித்தான் நாம் சாலையைக் கடக்கிறோம்.

அந்த நம்பிக்கையைத் தாங்கும் பாகங்களில் ஒன்று பிரேக் பூஸ்டர். இன்று காணொளி பார்த்து, சிறிய லாரியின் பூஸ்டரை வீட்டு முற்றத்திலேயே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தன் கையால் வேலை செய்வது நல்ல பழக்கம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாகத்தை மாற்றுவது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைப்பதே ஆபத்து.

பூஸ்டர் செய்யும் வேலையை நீங்களே கணக்கிடலாம். அது ஒரு வட்டமான தகரப் பெட்டி. உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெடலை மிதிக்காதபோது இரு அறைகளிலும் காற்றழுத்தம் குறைவு. மிதித்ததும் ஓர் அறைக்குள் வெளிக்காற்று புகுந்து சவ்வைத் தள்ளுகிறது. சவ்வின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 490 சதுர சென்டிமீட்டர். இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 0.7 கிலோ எடையளவு இருந்தால், மொத்த விசை சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். ஓட்டுநரின் காலுக்கு இவ்வளவு பெரிய துணையைத் தருவது நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான்!

டீசல் என்ஜினில் இதற்குப் போதிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வெற்றிடப் பம்ப் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாயும் ஒருவழி வால்வும் பூஸ்டருக்கு வருகின்றன. புதிய பூஸ்டர் பொருத்திய பிறகும் பெடல் கல்போல் இறுகியிருந்தால், குற்றவாளி பழைய பூஸ்டராக இல்லாமலே இருக்கலாம். குழாயில் ஒரு சிறு வெடிப்பு போதும்.

இதை அறிய எளிய சோதனை உண்டு. என்ஜினை அணைத்து, பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. அசையாவிட்டால் பம்ப், குழாய், வால்வு, பூஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பெடல் பேசும் மற்ற மொழிகளும் உண்டு. பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று இருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பூஸ்டரை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள்.

மிகவும் ஏமாற்றும் பழுது வேறொன்று. பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் ஒரு தள்ளுகம்பி இருக்கிறது. அதன் நீளம் சிறிதளவு கூடிவிட்டாலும், காலை எடுத்த பிறகு சிலிண்டரின் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கும். வீட்டு வாசலில் சோதித்தால் பிரேக் அருமையாகப் பிடிக்கும். சில கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் உரசி உரசிச் சூடாகும். சூட்டில் எண்ணெய் விரிந்து பிரேக்கை மேலும் இறுக்கும். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரிவரை இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி எளிதில் அமுங்கும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

கனரக லாரிகளிலும் பேருந்துகளிலும் இருப்பது பெரும்பாலும் அழுத்தக் காற்றால் இயங்கும் பிரேக். அதன் ஸ்பிரிங் அறையைத் தெரியாமல் கழற்றினால், உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து உயிரையே பறிக்கும். அது முற்றத்தில் செய்யும் வேலையே அல்ல. எந்த வகையாக இருந்தாலும், பிரேக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்நாடு அறியும். 2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி கெந்திங் மலைப்பாதையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். அதன் பிரேக் பழுதாக இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

சரக்கு லாரிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அது அவசியம். ஆனால் இன்று பரிசோதனையில் தேறிய லாரியை நாளை மாலை யாரோ கழற்றினால், அதை அந்தப் பரிசோதனை எப்படிப் பார்க்கும்? ஆகவே என் கருத்து இது: பிரேக்கில் கை வைத்த எந்த லாரியும், அதைப் பழுது பார்த்தவர் அல்லாத இன்னொரு தேர்ந்த மெக்கானிக் சோதித்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. விஞ்ஞானிகள்கூடத் தங்கள் முடிவைப் பிறர் சோதித்த பிறகே ஏற்கிறார்கள்.

உங்களில் சிலர் நாளை தொழிற்கல்லூரிக்குச் செல்வீர்கள். மெக்கானிக் வேலைக்குப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால், மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். அழுத்தம், பரப்பு, விசை, கொதிநிலை எல்லாம் பட்டறையில் தினமும் தேவைப்படும் பாடங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைச் சோதியுங்கள், கண்டதை எழுதி வையுங்கள். அப்படிச் செய்கிற மெக்கானிக்கை நம்பி நாம் தைரியமாகச் சாலையைக் கடக்கலாம்.