பழகுநரா? பாதிக் கூலி ஆளா?

"ஓராண்டு பழகு, பிறகு பார்க்கலாம்!" என்கிறது ஆலை. பழகுகிறான் படித்த பிள்ளை. பன்னிரண்டு திங்கள் பழகுகிறான். பழகி முடித்த மறுநாள், நாள்தோறும் அவன் நுழைந்த வாயிற்கதவே அவனைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கிறது!

மந்தைவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவன் தன் ஓராண்டை நம்மிடம் கணக்காகச் சொன்னான். தந்தை தியாகராய நகர்க் கடையிலே மூட்டை சுமப்பவர். தாய் அடையாற்றிலே நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவர். அந்தக் குடும்பத்திலே இயந்திரவியல் பட்டயம் பெற்ற முதல் பிள்ளை அவன். விடியுமுன் எழுந்து, கிண்டிக்கு முதல் பஸ் பிடித்து, அங்கிருந்து கம்பெனி வண்டியிலே ஒரகடம் போய் வந்தான், ஓராண்டு.

முதல் திங்கள், லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினான். குறை சொல்லவில்லை. குப்பையைப் பார்த்தே கருவியின் கூர் மழுங்கியதைச் சொல்லலாம் என்று மூத்த ஃபிட்டர் ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். இரண்டாம் திங்கள், அவர் பக்கத்திலே நின்றான். ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு கூடினால் பொருள் தள்ளுபடி என்பது கல்லூரியிலே அவனுக்கு வெறும் எண். கையிலே மைக்ரோமீட்டரைப் பிடித்தபோதுதான் அது பொறுப்பு என்று புரிந்தது. நாலாம் திங்கள், இயந்திரத்தைத் தனியாக ஓட்டினான். ஆறாம் திங்கள், பிசகாமல் ஓட்டினான்.

பிறகு? அடுத்த ஆறு திங்களும் அதே இயந்திரம், அதே துளை, அதே உருப்படி! வேறு பிரிவைக் காட்டுங்கள் என்று கேட்டான். "உற்பத்தி குறையும்" என்றார் போர்மேன்.

கவனியுங்கள் தோழர்களே, அந்தச் சொல்லை! கற்கிற பிள்ளை இடம் மாறினால் உற்பத்தி ஏன் குறையவேண்டும்? உற்பத்தியே அவன் கையில் நிற்பதால்தானே! கற்றது ஆறு திங்கள். உழைத்தது ஆறு திங்கள். கொடுத்ததோ இரண்டுக்கும் ஒரே உதவித்தொகை!

ஆலைப் பயிற்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் எது? 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து பழகிய பிள்ளைகளிடமிருந்து வளர்ந்த கல்விக்கூடம் அது. தரமணியிலே நிற்கும் மத்தியத் தொழில்நுட்பக் கல்லூரி, 1916இல் பிராட்வேயிலே தொழிற்பள்ளியாகப் பிறந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் எழுந்தது. இந்த நகரம் ஏட்டால் மட்டும் வளர்ந்ததல்ல, கையால் வளர்ந்தது.

1953இல் ஒரு திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. ஏன் எதிர்த்தோம்? தொழில் இழிவு என்றா? இல்லை! அப்பன் பிடித்த கருவியையே மகன் பிடிக்கவேண்டும் என்ற விதியை எதிர்த்தோம். மூட்டை சுமந்தவர் மகன் மைக்ரோமீட்டர் பிடிக்கிறான் என்றால், அது அந்தப் போராட்டத்தின் வெற்றி. அந்த வெற்றியை ஓராண்டு மலிவு உழைப்பாக உருக்கிவிடச் சம்மதிக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? ஏழைப் பிள்ளைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் தொழில் பழக ஒப்படைக்க வெள்ளையர் ஆட்சி 1850இல் ஒரு சட்டம் செய்தது. அதை நீக்கிவிட்டு வந்தது, 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். 1973இல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் அதற்குள் வந்தனர். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அந்த ஆண்டும், பிற்படுத்தப்பட்டோருக்கு 2007இலும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு ஏற்பட்டது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படியுங்கள். பழகுநர் பயிற்சி பெறுபவர்; தொழிலாளி அல்லர்; தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா! இயந்திரத்துக்குத் தெரியுமா, தன்னை ஓட்டுவது தொழிலாளியா, பழகுநரா என்று? விரலை நசுக்கும்போது வேறுபாடு பார்க்குமா? சட்டம் செய்தவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது. காயம் பட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீட்டைப் பழகுநருக்கும் தரவேண்டும் என்று 16ஆம் பிரிவிலே எழுதினார்கள். அடிபட்டால் தொழிலாளி, அடிபடாதவரை மாணவன்!

கணக்குக்கு வருவோம். 2019இல் திருத்திய விதி, பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், பட்டயம் பெற்றவருக்கு 8,000 ரூபாய் என்று அளந்தது. 26 நாளுக்கு வகுத்தால் பட்டயக்காரருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 308 ரூபாய். இதிலும் பாதியை மைய அரசு ஏற்கிறது. குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் ஆலைக்கு ஆகும் செலவு 154 ரூபாய்தான்! 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மையப் பழகுநர் குழு பரிந்துரைக்கவே 2025 ஆகிவிட்டது. ஆறாண்டில் அரிசி விலை காத்திருந்ததா? வாடகை காத்திருந்ததா?

2024இல் வந்த பிரதமர் பயிற்சித் திட்டமும் ஓராண்டுத் திட்டந்தான். மாதம் 5,000 ரூபாய் என்றது. அதிலே 4,500 அரசுப் பணம், 500 கம்பெனிப் பணம். பெரிய கம்பெனிகள் பிள்ளையின் நேரத்துக்கு நாளொன்றுக்கு இருபது ரூபாய்கூடத் தரவேண்டாம். ஆட்சியாளரே இப்படி விலை குறித்தால், ஆலைக்காரர் கூட்டியா தருவார்?

"பழக்குவதற்கு எங்களுக்குச் செலவில்லையா? கருவி உடைகிறது, பொருள் வீணாகிறது" என்கிறார்கள் ஆலையாளர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. முதல் ஆறு திங்களுக்கு அந்த வாதம் செல்லும். பன்னிரண்டாம் திங்களுக்குச் செல்லுமா? வீணாக்கியவன் கைதேர்ந்த பிறகும் வீணாக்கிய நாளின் கணக்கையே காட்டலாமா?

ஜெர்மனியைப் பாருங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பழகுநர் வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் ஆலை என்று பயில்கிறார். ஆண்டுதோறும் ஊதியம் உயர்கிறது. இறுதித் தேர்வை நடத்துவது முதலாளி அல்ல. தொழில் வணிக மன்றம். ஆலைக்குள்ளே இளம் பயிற்சியாளருக்கென்று தனிப் பிரதிநிதிகளும் உண்டு. அங்கேயும் முதலாளிகள் முதலாளிகள்தாம். ஆனால் பழகுநரின் குரலுக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்!

இங்கே 2014இல் என்ன செய்தார்கள்? சட்டத்தை மீறும் ஆலையாளருக்கு ஆறு திங்கள் வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு, அபராதம் மட்டும் போதும் என்றார்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை அந்தந்த ஆலையே வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றத் தகுதிகள் சமமாயிருந்தால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தரவேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கிலே உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதே, அது ஏட்டிலே உறங்குகிறது!

இப்போது உன்னிடம் ஒரு சொல், உழைக்கும் தோழனே! பக்கத்து இயந்திரத்திலே நிற்கும் பழகுநரைப் பார்த்து, "நம் பிழைப்புக்குப் போட்டியாக வந்தவன்" என்று முகம் திருப்பாதே. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை வைக்க விதி சொல்கிறது. அந்தப் பிள்ளையை மலிவாக வைத்திருக்கும்வரை உன் கூலியும் உயராது. அவன் தாழ்ந்தால் நீயும் தாழ்வாய். நிரந்தர இடம் ஒன்று காலியானால், அதை நிரப்ப ஆண்டுக்கொரு புதிய பழகுநர் போதும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு, உன் மௌனந்தான் மூலதனம்!

ஆகவே கேள். ஒப்பந்தம் பதிவாயிற்றா என்று கேள். பழகுநரைக் கூடுதல் நேரம் நிறுத்தினால், 15ஆம் பிரிவின்படி பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் எங்கே என்று கேள். தகராறு வந்தால் 20ஆம் பிரிவின்படி அந்த ஆலோசகரிடமே முறையிடலாம் என்று தம்பிக்கும் தங்கைக்கும் எடுத்துச் சொல். தென் மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியிலேதான் இருக்கிறது. கிளைத் தோழர்கள் வழி காட்டலாம்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது மூன்று. ஆறு திங்களுக்குப் பிறகு உதவித்தொகை உயரவேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று எழுதி, அதன்படி நடந்ததா என்று வாரியம் நேரில் பார்க்கவேண்டும். காலியிடம் இருக்கும் ஆலை, தான் பழக்கிய பிள்ளையையே முதலில் எடுக்கவேண்டும்.

பிச்சை கேட்கவில்லை, பழகிய கைக்குப் பணி கேட்கிறோம். ஓராண்டு என்பது ஆலைக்கு ஒரு கணக்குப் புத்தகம். இருபது வயதுப் பிள்ளைக்கோ, திரும்பி வராத இளமை. அதை வாங்குகிறவர்கள் விலையைக் கொடுத்து வாங்கட்டும்!